ஈய வீரனின் கண்கள்

குருமடத்தில் அறநெறி இறையியலைப் பல ஆண்டுகள் கற்றவர்களிடம் ஒரு குறை ஒட்டிக்கொண்டு விடுகிறது. யார் எதைக் கேட்டாலும் அதற்குரிய பிரிவும் உட்பிரிவும் உடனே நினைவுக்கு வருகின்றன. கேட்டவரின் முகத்தை நாம் சரியாகப் பார்ப்பதற்குள் விடை வாயிலிருந்து வெளியேறி விடுகிறது. இக்குறை நம்மிடமும் உண்டென்பதை இங்கிலாந்தின் தென்பகுதியிலுள்ள ஒரு சிற்றூரில், ஒரு மேசையருகே நின்றபோது உணர்ந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடைக்காலம். அவ்வூர்ப் பங்குத்தந்தை ஓய்வுக்காக வெளியூர் சென்றிருந்த ஆறு வாரங்கள் அவருக்குப் பதிலாக நாம் பணியாற்றினோம். வாரநாள் திருப்பலிக்கு வருவோர் பத்துப் பேருக்கு மேல் இரார். அவர்களுள் ஒருவர் அறுபதைத் தொட்டவர், மனைவியை இழந்தவர், அதிகம் பேசாதவர். ஒரு நாள் திருப்பலி முடிந்ததும் தேநீருக்கு அழைத்தார். சென்றோம். தேநீருக்கு நீர் கொதித்துக்கொண்டிருந்தபோது, வீட்டின் பின்னறைக் கதவைத் திறந்து, “இதைத்தான் தங்களுக்குக் காட்ட எண்ணினேன், தந்தையே” என்றார்.

அறையை நிறைத்து ஒரு பெரிய மேசை. அதன்மேல் பச்சைப் புல்வெளி, தாழ்ந்த குன்றுகள், வேலிகள், செங்கல் மதில் சூழ்ந்த ஒரு பண்ணைவீடு. அவற்றிடையே, கட்டைவிரல் உயரமேயுள்ள படைவீரர் நூற்றுக்கணக்கில் அணிவகுத்து நின்றனர். செஞ்சட்டையினர் ஒருபுறம், நீலச்சட்டையினர் மறுபுறம். குதிரைகள், பீரங்கிகள், வெடிமருந்து வண்டிகள், முரசடிக்கும் சிறுவர். அனைத்தும் அவர் கையால் வண்ணம் தீட்டியவை. மாதம் ஒருமுறை நண்பர்கள் வருவராம். பகடை உருட்டி, அளவு நாடாவால் தூரம் அளந்து, 1815-ஆம் ஆண்டின் வாட்டர்லூப் போரை மீண்டும் நடத்துவராம்.

நம் முதல் உணர்வு வெறுப்பே என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. மண்டபம் முகாமில், ஈழத்துப் போரிலிருந்து கடல் கடந்து வந்த மக்களோடு திருப்பலி நிறைவேற்றியவர்கள் நாம். மகன் எங்கே கிடக்கிறான் என்று அறியாத தாய்மார் அங்கே முதல் வரிசையில் அமர்ந்திருந்தனர். அந்த முகங்களைக் கண்ட கண்ணுக்கு, போர் ஒரு மாலைநேரப் பொழுதுபோக்காக மேசைமேல் விரிக்கப்பட்டிருப்பது பொறுக்கவில்லை. நம் முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும். அவர் மெல்லக் கேட்டார்: “தந்தையே, இது பாவமா?”

நாம் விடை பகர்ந்தோம். தயங்காமல், தடையின்றிப் பகர்ந்தோம். புனித தோமா அக்குவினார் தம் ‘இறையியல் தொகுப்’பில் விளையாட்டைப் பற்றியே தனியாக ஆராய்கிறார். ஓயாது நாணேற்றிய வில் முறிவதுபோல் ஓய்வறியா மனமும் முறியும் என்று திருத்தூதர் யோவான் விளக்கியதாக வழங்கும் பழங்கதையை எடுத்துக்காட்டி, விளையாட்டிலும் ஒரு நற்பண்பு உண்டென்று நிறுவுகிறார். சிறிதும் விளையாடாதவன், பிறர் மகிழ்வுக்கு இடையூறாக இருப்பவன், அவனே குற்றமுடையவன் என்றும் சொல்கிறார். ஆனால் மூன்று எச்சரிக்கைகள் தருகிறார்: இழிந்ததோ தீங்கானதோ ஆன செயலில் இன்பம் தேடலாகாது, மனத்தின் நிலைப்பாட்டை முற்றிலும் இழந்துவிடலாகாது, ஆளுக்கும் காலத்துக்கும் இடத்துக்கும் பொருந்தாத விளையாட்டு ஆகாது. இவற்றையெல்லாம் விளக்கி, “ஆதலால், தன்னிலே பாவமன்று” என்று முடித்தோம். அவர் பொறுமையாகக் கேட்டார். நன்றி கூறினார். தேநீர் ஊற்றினார். அவர் கேட்டது அதுவன்று என்பது வீடு திரும்பும் வழியில்தான் நமக்கு உறைத்தது.

அடுத்த வாரங்களில் பலமுறை அங்கே சென்றோம். அவர் வண்ணம் தீட்டுவதை அருகிருந்து பார்த்தோம். அதை விளக்காமல் மேற்செல்ல இயலாது.

வெள்ளீயம் கலந்த உலோகத்தால் வார்த்த உருவம், வார்ப்பச்சின் இரு பாதிகள் கூடிய இடத்தில் மெல்லிய வரம்போடு வரும். முதலில் அதைச் சிறு அரத்தால் தேய்த்து நீக்குகிறார். பின்பு சவர்க்கார நீரில் கழுவி உலர்த்தி, ஒரு கட்டையில் ஒட்டிக்கொள்கிறார். உருவத்தை விரல் தொடலாகாது. அடுத்து அடிப்பூச்சு. அதன்மேல் சட்டைக்குச் சிவப்பு, காற்சட்டைக்குச் சாம்பல், தோலுக்குப் பழுப்பு கலந்த இளஞ்சிவப்பு. எல்லாம் உலர்ந்தபின் நீர்த்த கருவண்ணத்தை மேலே ஓடவிடுகிறார்; அது மடிப்புகளிலும் பள்ளங்களிலும் தங்கி நிழலாகிறது. பின்னர், வண்ணம் ஏறக்குறைய முழுதும் துடைத்த தூரிகையால் மேடுகளை மட்டும் வருடி ஒளி ஏற்றுகிறார். பொத்தான்கள், தோள்வார்கள், தொப்பித் தகடு. ஓர் உருவத்துக்கு ஒரு மாலை, சில வேளை இரண்டு.

கடைசியில் கண்கள். வெண்மை ஒரு கீற்று. அதன் நடுவே கருமை ஒரு புள்ளி. வழிந்ததைத் தோல்நிறத்தால் மூடித் திருத்துகிறார். மூச்சைப் பிடித்துக்கொண்டே செய்ய வேண்டும். கை நீட்டும் தொலைவில் வைத்துப் பார்த்தால் அக்கண்கள் தெரிவதே இல்லை. தம் நண்பர்களில் பலர் கண்களைத் தீட்டுவதில்லை என்றும், நிழல் படிந்தால் போதுமென்று விட்டுவிடுவர் என்றும் கூறினார். “தாங்கள் மட்டும் ஏன்?” என்றோம். “பார்க்காதவனை எப்படிக் களத்துக்கு அனுப்புவது?” என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார்.

அப்போது அவர் தீட்டிக்கொண்டிருந்தது 27-ஆம் இன்னிஸ்கில்லிங் காலாட்படை, அயர்லாந்தின் படை. கழுத்துப்பட்டைக்கும் கைமடிப்புக்கும் மங்கிய மஞ்சள்தோல் நிறம். வாட்டர்லூவில் ஏறத்தாழ 700 பேராக நின்ற அப்படையில் 450-க்கும் மேற்பட்டோர் இறந்தோ காயமுற்றோ வீழ்ந்தனர். குதிரைப்படையை எதிர்க்கச் சதுரமாக அணிவகுத்து நின்றவர்கள் அச்சதுரத்திலேயே பிணமாகக் கிடந்ததை, அப்போரில் இருந்த அதிகாரி கின்கெய்ட் தம் நினைவுக்குறிப்பில் பதிந்துள்ளார். மேசைமேல் ஓர் உருவம் 20 பேருக்கு ஈடு. ஆகவே 35 உருவங்கள். அவற்றில் 22-ஐயோ 23-ஐயோ எடுத்து ஓரத் தட்டில் வைத்தால் வரலாறு நிறைவேறிவிடும். ஒரு மாலை முழுதும் உற்றுநோக்கி உருவாக்கிய முகத்தை, பகடை இரண்டு காட்டியதென்று இரு விரலால் எடுத்து அப்பால் வைக்கிறார். அதே இரு விரல்கள்தாம். இம்முரண்பாட்டைத்தான் நாம் வாசகரின் முன் வைக்க விரும்புகிறோம்.

இவ்விளையாட்டின் வரலாறு சிறிது அறியத்தக்கது. செருமனியின் நூரம்பெர்க் நகரில் தகட்டுத் தடிமனே உள்ள வெள்ளீய வீரர்களைக் கைவினைஞர் 18-ஆம் நூற்றாண்டிலேயே வார்த்தனர். அவை சிறுவர்க்கு. பெரியோர் விளையாடத் தொடங்கியது புருசியாவில். 1812-இல் ரைஸ்விட்ஸ் என்ற பெருமகன் போர்க்களத்தை மேசைமேல் அமைக்கும் ஒரு முறையை அரசருக்குக் காட்டினார். பீரங்கிப்படை அதிகாரியான அவர் மகன் 1824-இல் அதைத் திருத்தி நில வரைபடத்தின்மேல் ஆடும் பயிற்சியாக்கினார். புருசியப் படைத்தலைமை அதை அதிகாரிகளின் பயிற்சிக்கு ஏற்றுக்கொண்டது. பின்னர் பிற நாட்டுப் படைகளும் பின்பற்றின. அதில் வண்ணம் தீட்டிய வீரன் எவனும் இல்லை. சிவப்பும் நீலமுமான சிறு கட்டிகளே படைகள். உண்மையாகவே கொல்லப் பயின்றவர்களுக்கு முகம் வேண்டியிருக்கவில்லை. யாரையும் கொல்லாத பொழுதுபோக்காளனே முகமும் பொத்தானும் வேண்டுமென்று கண்ணைக் கெடுத்துக்கொள்கிறான். இதை எண்ணியபோது, நம் முதல் வெறுப்பு சரியான இடத்தில் விழவில்லையோ என்ற ஐயம் எழுந்தது.

ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913-இல் ‘சிறு போர்கள்’ என்னும் பொருள்பட்ட பெயரில் இவ்விளையாட்டுக்கு விதிகள் வகுத்து ஒரு நூல் வெளியிட்டார். பிரிட்டன் என்னும் நிறுவனம் 1893 முதல் உள்ளீடற்ற ஈய வீரர்களை மலிவாக வார்த்து விற்றது. வெல்ஸும் நண்பர்களும் அவற்றைத் தரையில் நிறுத்தி, வில்விசைப் பொம்மைப் பீரங்கியால் மரத்துண்டுகளை எய்து வீழ்த்தினர். அந்நூலின் இறுதியில் அவர் ஒரு வாதத்தை வைக்கிறார்: பொம்மைப் போரை மும்முறை நடத்திப் பார்த்தவனுக்கு மெய்யான பெரும்போர் எத்துணை அறிவற்ற செயல் என்பது விளங்கிவிடும், வீரம் பேசும் தலைவர்களை ஓர் அறையில் பொம்மைகளோடு அடைத்துவிட்டால் உலகம் பிழைக்கும். நல்ல எண்ணந்தான். அடுத்த ஆண்டே முதல் உலகப்போர் தொடங்கியது. அவ்வாண்டிலேயே வெல்ஸ், போர்களையெல்லாம் ஒழிக்கப்போகும் போர் இது என்று அதை ஆதரித்து எழுதினார். பொம்மை எவனையும் அறிவாளியாக்கவில்லை. அதை இயற்றியவரையே ஆக்கவில்லை.

அதற்காக, பொம்மையைப் பறித்துவிட்டால் அமைதி பிறக்கும் என்று எண்ணுவோரையும் நாம் நம்பவில்லை. சாக்கி என்ற எழுத்தாளரின் ஒரு சிறுகதையில், மாமன் ஒருவர் படைவீரர்களுக்குப் பதிலாக நகராட்சிக் குப்பைத்தொட்டியும் அறிஞர் பெருமக்களின் உருவங்களும் கொண்ட ‘அமைதிப் பொம்மை’களைக் குழந்தைகளுக்குத் தருகிறார், சிறிது நேரத்தில் அறிஞர்கள் படைத்தலைவர்களாகி விடுகின்றனர். கதை எழுதிய சாக்கி, வயது கடந்தவராயினும் தாமாகவே படையில் சேர்ந்து, 1916-இல் பிரான்சில் சுடப்பட்டு இறந்தார். நம் பங்கிலும் குடிலுக்கு வாங்கிய இடையனின் கோலைச் சிறுவர்கள் துப்பாக்கியாகப் பிடித்து விளையாடியதைப் பார்த்திருக்கிறோம்.

அங்கே மண்டபத்து நினைவு நம்மை விடவில்லை. புனித தோமாவின் மூன்றாம் எச்சரிக்கையை அப்போது வேறு பொருளில் எண்ணினோம். ஆளுக்கும் காலத்துக்கும் இடத்துக்கும் பொருந்த வேண்டும் என்றார். இந்த மேசையை முகாமிலிருந்த அந்தத் தாயின் முன் விரிப்போமா? மாட்டோம். வாட்டர்லூவில் மகனை இழந்த தாய் இன்று எவரும் உயிரோடில்லை. அதனால் அது விளையாட்டாகலாமா? எத்தனை ஆண்டுகள் கழிந்தால் துயரம் பொழுதுபோக்காகும்? இதற்குக் கணக்கு எந்த அறநூலிலும் இல்லை. இவ்விளையாட்டினர் தம்முள்ளேயே இதைப்பற்றி வாதிடுகின்றனர். ரோமர் படையைத் தீட்டத் தயங்காதவர், நாசிகளின் எஸ்.எஸ். படையைத் தீட்ட மறுப்பதுண்டு. இரண்டாம் உலகப்போரின் டாங்கிகளைத் தீட்டுவோர் துரு எப்படி வழியும், சேறு எவ்வளவு உயரம் ஏறும், புகைக்கரி எங்கே படியும் என்று நிழற்படங்களை ஆராய்ந்து, பழுப்பும் செம்மஞ்சளும் குழைத்து மெய்போலவே ஆக்குகின்றனர். அத்துணை மெய்ம்மையிலும் பெரும்பாலும் இரத்தம் இராது. சேற்றோடு நிற்கும் மெய்ம்மை இது. டாங்கிக்கு முகமும் இல்லையாதலால் அதை அழகாக்குவது இன்னும் எளிது.

வில்லியம் சைபோர்ன் என்ற படை அதிகாரியின் கதையை அவர் சொல்லித்தான் அறிந்தோம். வாட்டர்லூப் போரின் மாதிரியுரு ஒன்றை அமைக்கும் பொறுப்பு 1830-இல் இவரிடம் தரப்பட்டது. இவர் எட்டு மாதங்கள் அக்களத்தின் நடுவிலுள்ள லா ஏ சாந்த் பண்ணைவீட்டிலேயே தங்கி நிலத்தை அளந்தார். அப்பண்ணையைக் காத்த ஏறத்தாழ 400 செருமானிய வீரர்களில் 42 பேரே எஞ்சித் திரும்பினர். அச்சுவர்களுக்குள் அத்தனை மாதம் வாழ்ந்த மனிதர் போரை எளிதாக எண்ணியிருக்க மாட்டார். உயிரோடிருந்த அதிகாரிகளுக்கெல்லாம் மடல் விடுத்து, மாலை ஏழு மணியளவில் நீர் எங்கே நின்றீர், உம் முன்னே யார் நின்றார், வயலில் என்ன பயிர் என்று கேட்டார். பல்லாயிரம் நுண்ணிய உருவங்களோடு அமைந்த அம்மாதிரி 1838-இல் இலண்டனில் மக்கள் பார்வைக்கு வந்தது. இன்று அந்நகரின் தேசியப் படைத்துறை அருங்காட்சியகத்தில் உள்ளது. வெற்றியில் புருசியப் படைக்கு மிகுந்த பங்கு இருந்ததாகக் காட்டுகிறது என்பது வெலிங்டன் தரப்பின் குறை. அரசின் பண உதவி இடையிலேயே நின்றது. சைபோர்ன் கடனில் மூழ்கினார். இறுதியில் புருசிய உருவங்களில் பெரும் எண்ணிக்கையானவற்றை மாதிரியிலிருந்து அகற்றினார். ஒரு பொம்மையை எடுப்பது அப்படியொன்றும் சிறிய செயலன்று. அங்கே நின்று மாண்டவன், நிற்கவே இல்லை என்றாகிவிடுகிறது.

இன்னொன்றும் நமக்குத் தோன்றியது. சைபோர்ன் மடல் விடுத்தது அதிகாரிகளுக்கு. துப்பாக்கி ஏந்திய எளிய வீரனிடம், நீ எங்கே நின்றாய் என்று கேட்கவேண்டுமெனத் தோன்றவில்லை.

நாம் ஊர் திரும்புவதற்கு ஏழெட்டு நாள்களுக்கு முன் அவர் பேசினார். இது ஒப்புரவு அருட்சாதனத்தில் சொல்லப்பட்டதன்று. அந்த மேசையருகே, தேநீர்க் கோப்பையோடு சொல்லப்பட்டது. எழுதலாமா என்று கேட்டு இசைவும் பெற்றுள்ளோம்.

அவர் 20 வயதில் படைவீரர். 1982-இல் ஃபாக்லாந்துத் தீவுகளுக்காகப் பிரிட்டனும் அர்செந்தீனாவும் போரிட்டன. 74 நாள் நடந்த அப்போரில் அர்செந்தீனர் 649 பேரும் பிரித்தானியர் 255 பேரும் தீவு மக்கள் மூவரும் உயிரிழந்தனர். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் போர் நடந்துகொண்டிருந்தபோதே, மே மாத இறுதியில் பிரிட்டனுக்கு வந்து, பெந்தக்கோஸ்து நாளில், குண்டுவீச்சால் அழிந்து எழுந்த கோவென்ட்ரி நகரில் போருக்கு எதிராகப் பேசினார். ஒரு நாட்டை மட்டும் சந்திக்கலாகாதென்று சூன் 11-ஆம் நாள் அர்செந்தீனாவுக்கும் சென்றார். அந்த இரவில்தான், தலைநகர் ஸ்டேன்லியைச் சூழ்ந்த மலைகளைப் பிரித்தானியப் படை தாக்கியது. நம் நண்பர் அத்தாக்குதலில் இருந்தார்.

“மலை எங்கள் கைக்கு வந்தபோது நான் மகிழ்ந்தேன், தந்தையே. உயிர் பிழைத்த மகிழ்ச்சி அன்று, வென்ற மகிழ்ச்சி. விடிந்தது. அப்போதுதான் முகங்களைப் பார்த்தேன். என்னைவிட இளையவன் ஒருவன் பாறையோரம் கிடந்தான். கழுத்தில் செபமாலை. என் தாய் எனக்குப் போட்டுவிட்டதும் அப்படியொரு செபமாலைதான்.”

சிறிது நேரம் கழித்து மேசையைக் காட்டினார். “இங்கே நண்பனின் சதுரம் உடையும்போது அதே மகிழ்ச்சி எழுகிறது. அதே தான், எனக்குத் தெரியும். அது பாவமா என்றுதான் அன்று கேட்டேன்.”

ஃபாக்லாந்துப் போரின் உருவங்களும் கடைகளில் கிடைக்கின்றனவாம். அவர் அவற்றை வாங்குவதில்லை. அந்த இரவைத் தவிர எல்லாப் போரையும் தீட்டுகிறார்.

இம்முறை நாம் நூல்களைத் தேடவில்லை. நற்செய்தியில் இரண்டு காட்சிகள் மனத்தில் வந்தன. அலகை ஆண்டவரை மிக உயர்ந்த மலைக்குக் கூட்டிச் சென்று உலக அரசுகள் அனைத்தையும் காட்டியது. அவ்வுயரத்திலிருந்து பார்த்தால் நகரங்கள் மேசைமேல் வைத்த பொம்மைவீடுகள். படைகள் எறும்புச் சாரைகள். தெருவில் நடப்பவனுக்கு முகம் இராது. எல்லாம் கைக்கு எட்டுவதாகத் தோன்றும். சோதனையே அந்தப் பார்வையில்தான் இருந்ததோ என்று எண்ணினோம். இன்னொரு நாள், ஒலிவ மலைச் சரிவில், இயேசு எருசலேமைக் காண்கிறார். அதுவும் உயரந்தான், அதுவும் சிறிதாய்த் தெரியும் நகரந்தான். அந்நகரைப் பகைவர் முற்றுகையிட்டு அரண் எழுப்பி நெருக்கப்போவதையே அவர் முன்னுரைக்கிறார். படைத்தலைவன் பேசக்கூடிய பொருள் அது. ஆனால் அவர் அழுகிறார். நகருக்குள்ளிருக்கும் குழந்தைகளைக் குறிப்பிட்டு அழுகிறார். அவ்வளவு தொலைவிலிருந்தும் அவர் கண்ணுக்கு முகங்கள் தெரிந்தன.

போரின் தீமை முழுவதும் உயரத்தினால் வருவதென்று நாம் சொல்ல வரவில்லை. நெருங்கி நின்று முகம் பார்த்தே கொன்றவர்களும் உண்டு. எனினும் கட்டளையிடுபவனும், வரைபடத்தில் கோடு கிழிப்பவனும், இன்று திரைமுன் அமர்ந்து தொலைவிலுள்ள ஊரின்மேல் வானூர்தியை ஏவுபவனும், செய்தித்தாளில் எண்ணிக்கையைப் படித்து மகிழும் நாமும் அம்முதல் மலைமேல்தான் நிற்கிறோம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்ற ஏட்டில், முழு நகரங்களையும் மக்களோடு வேறுபாடின்றி அழிப்பது கடவுளுக்கும் மனிதனுக்கும் எதிரான குற்றம் என்று 1965-இல் அறிவித்தது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2020-இல் வெளியிட்ட ‘அனைவரும் உடன்பிறந்தோர்’ என்னும் சுற்றுமடலில், போரைப்பற்றிய கோட்பாட்டு வாதங்களிலேயே நின்றுவிடாமல், பாதிக்கப்பட்டோரின் காயமுற்ற உடலைத் தொட்டுப் பார்க்குமாறு அழைத்தார். அந்த அழைப்பு, கோட்பாட்டு வாதத்தோடு தேநீர் அருந்திவிட்டு எழுந்து வந்த நம்மை நோக்கியதாகவே பட்டது.

ஆகவே அவருக்கு நாம் சொன்னது இவ்வளவே: அம்மகிழ்ச்சி வெற்றியின் மகிழ்ச்சி, அது உம்மிடம் மட்டுமன்று, பந்தாட்டத் திடலிலும் தேர்தல் நாளிலும் எம்மிடமும் எழுவது. அது பிடித்திருக்கும் அளவும் எதிரில் நிற்பவன் கண்ணுக்குத் தெரிவதில்லை. மேசையருகே எழும் அந்தக் கணத்தை அஞ்சி அதை மூடிவிட வேண்டியதில்லை. அதை அறிந்துகொண்டதே பெரிது. அந்தப் பாறையோரத்து இளைஞனுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுத்தீரா என்று கேட்டோம். பெயர் தெரியாதே என்றார். பெயர் கடவுளுக்குத் தெரியும் என்றோம். மறுநாள் காலை, வழக்கமான அந்தப் பத்துப் பேர் நடுவே, அவ்விளைஞனின் ஆன்ம இளைப்பாற்றிக்காகத் திருப்பலி நிறைவேற்றினோம்.

இத்தொழிலை இறந்தோருக்கான கடமையாகவே செய்தவர்களும் உண்டு. கலிப்பொலித் தீபகற்பத்தின் சுனுக் பயர் குன்றில் 1915 ஆகஸ்டு 8-இல் நடந்த போரை, நியூசிலாந்தின் தலைநகரில் 2015-இல் திறக்கப்பெற்று 2018 வரை நடந்த பெரும்போர்க் கண்காட்சியில் மாதிரியாக அமைத்தனர். ஏறத்தாழ 5,000 உருவங்கள்; அவற்றுக்கு வண்ணம் தீட்டியவர் அந்நாட்டின் மேசைப்போர் விளையாட்டினர்; ஊதியம் பெறவில்லை. குன்றேறிய வெலிங்டன் படைப்பிரிவினர் 760 பேரில் அன்றிரவு காயமின்றி இறங்கியவர் 70 பேர் அளவே. தலைவர் வில்லியம் மலோன் தம் தரப்புக் குண்டினாலேயே இறந்தார் என்பர். அவர் ஒரு கத்தோலிக்கர். அம்மாதிரியில் துருக்கியரும் அதே கவனத்தோடு தீட்டப்பட்டனர். அங்கே பகடை உருளவில்லை. எவரையும் ஓரத் தட்டில் எடுத்து வைக்கவும் இல்லை. வீழ்ந்தவர் வீழ்ந்த இடத்திலேயே கிடந்தனர்.

நம் நண்பரின் மேசையில் இருந்த பண்ணைவீடு ஊகுமோன். அதில் ஒரு சிற்றாலயம் உண்டு. போரன்று பண்ணை தீப்பற்றியபோது, கட்டடங்களில் கிடத்தியிருந்த காயமுற்றோர் பலர் எரிந்து இறந்தனர். ஆலயத்தின் கதவருகே தொங்கிய மரச் சிலுவையின் பாதங்களைத் தீ கருக்கியது. அதற்கு மேலே ஏறவில்லை. அச்சிலுவை 2011-இல் களவு போய், பின்னர் மீட்கப்பட்டு மீண்டும் அங்கே உள்ளது. அவருடைய பண்ணைவீட்டின் கூரையை மெல்லத் தூக்கிக் காட்டினார். உள்ளே, ஊசிமுனை அளவுள்ள ஒரு சிலுவை. அதன் அடியில் கருமை ஒரு புள்ளி. விளையாடும்போது அக்கூரையை எவரும் தூக்குவதில்லை என்றார்.

விடைபெறும் நாளில் ஒரு சிறு பெட்டியைத் தந்தார். உள்ளே பஞ்சில் பொதிந்து இன்னிஸ்கில்லிங் வீரன் ஒருவன். சட்டையும் தோள்வாரும் தொப்பியும் முடிந்திருந்தன. முகத்தில் தோல்நிறம் மட்டும், கண்கள் இல்லை. “அதைத் தாங்கள் தீட்டுங்கள்” என்று மிக நுண்ணிய தூரிகை ஒன்றையும் வைத்திருந்தார்.

இங்கே வந்தபின் இரண்டு முறை முயன்றோம். மூக்குக்கண்ணாடிக்கு மேல் பூதக்கண்ணாடியும் பிடித்து, மூச்சை அடக்கி. முதல்முறை வெண்மை கன்னத்தில் வழிந்தது. அடுத்த முறை ஒரு கண் அமைந்தது. மற்றது வேறெங்கோ பார்த்தது. உலரும் முன் ஈரத்துணியால் இரண்டையும் துடைத்துவிட்டோம். இத்தவக்காலத்தில் மீண்டும் முயல எண்ணியிருக்கிறோம். கை நடுங்காமல் இருக்க முழங்கையை மேசையில் ஊன்றிக்கொள்ளுமாறு அவர் எழுதியிருக்கிறார்.